ரொட்டி வண்டியில் நான்கு ஜோடி செருப்பு

“அம்மா, பாபு இல்ல. தலவாணிதான் கீது.”

ஓடுகிற வண்டிக்குள், மேல் தட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு என் இரண்டாவது மகள் கீதா சொன்னாள். போர்வையின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. அதற்குள் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சுருண்டு படுத்திருக்க வேண்டும். படுத்திருந்தது நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த இலவம்பஞ்சுத் தலையணை.

வாணியம்பாடி வரப்போகிற நேரம். மணி ஏழரை இருக்கும். ஒன்பது மணிக்குள் ஆம்பூர் தாண்டி எங்கள் குலதெய்வம் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே என் அண்ணன் வந்து நிற்பார். பாபுவை மடியில் வைத்து மொட்டையடிக்க வேண்டியவர் அவர். தாய்மாமன் மடிதான் அதற்கு வேண்டும், வேறு மடி ஆகாது. ஒன்பதுக்கு மேல் ஒரு நிமிடம் நிற்க மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்.

பிள்ளையைக் காணோம் என்றால் பெற்றவளுக்கு முதலில் பிள்ளை முகம்தான் வர வேண்டும். எனக்கு அண்ணன் முகம்தான் முதலில் வந்தது. பிள்ளை முகம் அடுத்த நொடியில் வந்தது. அந்த ஒரு நொடிக்காக நான் இன்னும் என்னைத் திட்டிக்கொள்கிறேன். போன வாரம் இதே பத்தியில் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் பெரியவள் சுமதி போன் செய்தாள். “அடுத்து வண்டிக் கதைய எழுதாதம்மா, மானம் போயிடும்” என்றாள். மானம் அன்றைக்கே போய்விட்டது. இனிமேல் எழுதினால் என்ன?

ரொட்டி இறங்கியது, நாங்கள் ஏறினோம்

எங்கள் வீட்டுக்காரர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கேரேஜில் மெக்கானிக்காக இருந்தார். ஒருமுறை அங்கே ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வண்டி ரிப்பேருக்கு வந்தது. பத்து நாள் கிடந்தது. பத்து நாளும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதே பேச்சு.

“உள்ளயே அடுப்புமே! உள்ளயே படுக்க! புள்ளைங்க உள்ளயே தூங்குது, இவன் பாட்டுக்கு ஓட்டிக்கினே போறான்!”

அந்த வண்டி வராமல் இருந்திருந்தால் என் இடுப்பு இன்றைக்கு இப்படி வலிக்காது.

அடுத்த வருடம் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்காரர் பழைய ரொட்டி வண்டியைக் கழித்துப் போட்டார். இவர் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்குள் அது நுழையவில்லை. முனையில் நிறுத்திவிட்டு என்னை வந்து கூப்பிட்டார்.

“வந்து பாரு. நம்ம ரெண்டாவது வீடு.”

பார்த்தேன். தகரப் பெட்டி. ஜன்னல் கிடையாது. பின்னால் இரண்டு கதவு. பக்கவாட்டில் பாபு உயரத்துக்கு ஒரு ரொட்டிப் படம். வண்டி முழுக்க நீலப் பெயிண்ட் அடித்தவர், அந்த ரொட்டியை மட்டும் விட்டுவிட்டார்.

“இது எதுக்கு?” என்றேன்.

“நல்லா வரஞ்சிக்கிறான்மே. அழிக்க மனசு வரல.”

அவருக்கு மனசு வராததற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. போகிற ஊரில் எல்லாம் நாய்கள் பின்னாலேயே வந்தன. பிள்ளைகள் ஓடிவந்தன. பெட்டிக்கடைக்காரர்கள் நடுரோட்டில் கை காட்டி நிறுத்தினார்கள். அத்திபெலே சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர், “ஏனம்மா, பன் இதியா?” என்று கன்னடத்தில் பன் கேட்டுக்கொண்டே பின்கதவைத் திறந்தார். உள்ளே நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். மூன்று பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்தன. என்ன நினைத்தாரோ, “சாரிம்மா” என்று சொல்லிக் கதவை மெல்லச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அவர் அதை வீடாக்கினார். பழைய சோபாக் கடையில் ஸ்பாஞ்ச் வாங்கிவந்து, ரொட்டி அடுக்குகிற கீழ்த் தட்டுகளில் விரித்தார். மேல் தட்டு ஒன்று அப்படியே இருந்தது, அது பாபுவுக்கு. மண்ணெண்ணெய் அடுப்புக்கு இரும்பு வளையம் வைத்தார். ஜன்னல் வேண்டும் என்றேன். வெல்டிங்காரர் ஒரு சாமி படம் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். அதற்கு என் பழைய புடவையைக் கிழித்துத் திரை போட்டேன்.

வெயில் ஏறினால் தகரத்துக்குள்ளிருந்து ரொட்டிப் புளிப்பு வாசனை கிளம்பும். எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை. பெட்டியில் வைத்த பட்டுப்புடவைகூட பன் வாசனை அடித்தது. எறும்புகளும் எங்களோடு ஊர் ஊராக வந்தன. எங்கள் வீடு ஒரே அறை. வண்டி அதைவிட நாலடி குறைவு. பெரிய அறையைப் பூட்டிவிட்டுச் சின்ன அறைக்குள் ஏறி உட்கார்வதற்கு அவர் வைத்த பெயர் டூர்.

கரண்டி பாஷை

டிரைவர் சீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் தகரச் சுவர். அதில் சினிமா தியேட்டர் டிக்கெட் கவுண்டர் போல ஒரு சின்னப் பொந்து. எஞ்சின் சத்தத்தில் அந்தப் பொந்து வழியாகப் பேச வேண்டுமானால் கத்த வேண்டும்.

எனக்குக் கத்த வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்லக் கூச்சப்பட்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டே வராதவள் ஆனவள் நான். ஐந்தாவது முடிப்பதற்குள் எத்தனை நாள் அப்படி வராமல் போனேனோ.

அதனால் அவர் ஒரு வழி செய்தார். குழம்புக் கரண்டியால் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்துவார். இரண்டு தட்டினால் கிளம்புவார். பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடிப்பாரே, அது போல. பிள்ளைகளும் தட்டு, டம்ளர், சீப்பு என்று கையில் கிடைத்ததை வைத்துத் தட்டும். அதற்கெல்லாம் அவர் காது கொடுக்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எழுதக் கூச்சமாக இருந்தாலும். ஆம்பிளைகளுக்கு வண்டி நின்றால் போதும். எங்களுக்கு நின்றால் போதாது, மறைவும் வேண்டும். வண்டியில் மின்விசிறி வைத்தார், ரேடியோ வைத்தார், முகம் பார்க்கக் கண்ணாடி வைத்தார். இது ஒன்றை வைக்கவில்லை.

“அந்த வெள்ளக்காரன் வண்டியில அதுவும் இருந்துச்சுன்னு சொன்னீங்களே?”

“அது அவங்க பழக்கம்மே. நமக்குத்தான் ரோடு நீளத்துக்கும் புதர் கீதே.”

டூர் என்று சொன்னாலே முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன்.

எண்ணுவதற்குச் சுலபமானது

இப்போது செருப்பு விஷயம். இதில் தப்பு என்னுடையதுதான். வீடு என்று அவர் சொல்லிவிட்டார் அல்லவா? வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு வரலாமா? படுக்கிற இடம், சமைக்கிற இடம், ஒரு முருகன் படமும் மாட்டியிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டேன்.

முதல் டூர் நந்தி மலைக்கு. அடிவாரத்தில் நிறுத்தி இட்லி சாப்பிட்டோம். எல்லோரும் ஒழுங்காகக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி, ஜோடி ஜோடியாக வைத்துவிட்டு ஏறினோம். நான் இரண்டு தட்டு தட்டினேன். வண்டி மலை ஏறிவிட்டது.

மேலே போய்க் கதவைத் திறந்தால் செருப்பு இல்லை. எப்படி இருக்கும்? அது அடிவாரத்தில் வாசல் இருந்த இடத்தில் இருந்தது. வாசல்தான் மேலே வந்துவிட்டது. வெயிலில் கொதிக்கிற பாறையில் மூன்று பிள்ளைகளும் குதித்தன. அவர் மட்டும் டிரைவர் சீட்டில் செருப்போடு வந்தவர், ஜம்மென்று நடந்தார். திரும்பிவந்து பார்த்தபோது ஒற்றைச் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. என்னுடையது.

அதற்குப் பிறகு, ரொட்டி அடுக்குகிற தட்டு ஒன்றைக் கதவுக்குப் பக்கத்தில் உள்ளேயே வைத்தேன். தடுப்புத் தடுப்பாக இருக்கும். ஏறியதும் அவரவர் தடுப்பில் அவரவர் செருப்பு. நான்கு ஜோடி இருந்தால் நாலு பேரும் உள்ளே. மூன்று இருந்தால் ஒருத்தர் வெளியே. பிள்ளைகளை எண்ண முடியாது. இருட்டுப் பெட்டிக்குள் ஒன்று போர்வைக்குள் இருக்கும், ஒன்று புடவைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், ஒன்று தூங்கும். செருப்பு ஒளியாது. செருப்பை எண்ணிவிட்டு இரண்டு தட்டு. ஒன்றரை வருடம் இந்தக் கணக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

மூன்று வரிக் கார்டு

எனக்கு உடன்பிறந்தது ஒரே அண்ணன். அரக்கோணத்தில் இருந்தார். அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அவர்தான். சுமதிக்கு அவர் மடியில்தான் மொட்டை. பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் புடவையுமாக ஜீவனஹள்ளிக்கு வந்துவிடுவார்.

கீதாவுக்கு மொட்டை வைத்த அன்று அவர் வந்த ரயில் தாமதம். முகூர்த்தம் போகிறது என்று இவர் பரபரத்தார். இவருடைய அண்ணன் பக்கத்தில் நின்றார், “நான் உக்காந்தா ஆகாதா?” என்றார். உட்காரவைத்து முடித்துவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து என் அண்ணன் தாம்பாளத்தில் சீரோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். பிள்ளை தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

“பூசாரி அவசரப்படுத்திட்டாரு மச்சான்” என்றார் இவர்.

பூசாரி பக்கத்திலேயே நின்றார். அவர் யாரையும் அவசரப்படுத்தவில்லை. அண்ணன் இவரைப் பார்க்கவில்லை, பூசாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

போனவர் ஆறு வருடம் வரவில்லை. கடிதம் இல்லை. பொங்கலுக்கு வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் எட்டிப் பார்ப்பேன்.

பாபு மூன்று வயதிலேயே முடி எடுத்திருக்க வேண்டியவன். அண்ணன் இல்லாமல் வைக்க மாட்டேன் என்று நான் இரண்டு வருடம் தள்ளிவிட்டேன். அந்த வீட்டில் நான் பிடித்த ஒரே பிடிவாதம் அதுதான். பையனுக்கு முடி தோள் வரை வந்தது. ஸ்கூலில் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டார்கள். கடைசியில் உறவுக்காரர் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினேன், காலில் விழாத குறையாக. ஒரு கார்டு வந்தது. மூன்று வரி.

‘ஞாயிறு காலை கோயிலில் இருப்பேன். ஒன்பது மணிக்கு மேல் இருக்க மாட்டேன். முனுசாமி.’

அன்புள்ள தங்கைக்கு என்று இல்லை. நலமா என்று இல்லை. ஆனாலும் அந்தக் கார்டை அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன்.

“பஸ்ஸுல போயிடலாம்ங்க. முந்தின நாளே போய் இருந்துக்கலாம்” என்றேன்.

“வீடே சக்கரத்துல கீது. பஸ்ஸுல போனா ஊரு சிரிக்கும்” என்றார்.

பர்கூர் டீக்கடை

சனிக்கிழமை கிளம்பினோம். சந்தாபுரா தாண்டுவதற்குள் ரேடியேட்டர் ஒருமுறை கொதித்தது. கிருஷ்ணகிரி அணைக்கட்டுக்குப் பக்கத்தில் தங்கினோம். நேராகக் கோயிலுக்கே போய்த் தங்கினால் என்ன என்று கேட்டேன். அணைக்கட்டுக் காற்று உடம்புக்கு நல்லது என்றார். காற்று வெளியே அடித்தது. நாங்கள் உள்ளே வெந்தோம்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பி, பர்கூர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். பாபு மேல் தட்டில் நல்ல தூக்கம். கடைக்குப் பின்னால் இடிந்த சுவர் ஒன்று தெரிந்தது. இனி எங்கே மறைவு கிடைக்குமோ என்று இரண்டு பெண்களையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் டீக் கிளாஸோடு பெஞ்சில் உட்கார்ந்து யாரிடமோ எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பிவந்தோம். நாங்கள் மூவரும் செருப்பைக் கழற்றித் தட்டில் வைத்தோம். பாபுவின் சிவப்புச் செருப்பு ஏற்கெனவே அவன் தடுப்பில் இருந்தது. நான்கு ஜோடி. மேலே போர்வை உப்பலாக இருந்தது.

இரண்டு தட்டு தட்டினேன்.

போன வழியே திரும்பி

தலையணையைப் பார்த்ததும் கரண்டியை எடுத்து ஒரு தட்டு தட்டினேன். நிற்கவில்லை. ஒன்று தட்டினால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் மறந்து பத்து, இருபது என்று அடித்தேன். பிள்ளைகள் விளையாடுகின்றன என்று அவர் பாட்டுக்கு ரேடியோவை இன்னும் கொஞ்சம் கூட்டினார். கடைசியில் பொந்துக்குள் கையை விட்டுக் கரண்டியால் அவர் தோளில் ஒன்று வைத்தேன்.

வண்டி நின்றது.

“பைத்தியமாமே உனக்கு?”

“பாபு இல்லீங்க.”

“இல்லன்னா? செருப்ப எண்ணல?”

“எண்ணுனேன். செருப்பு கீது.”

அவர் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்து, தட்டில் இருந்த சிவப்புச் செருப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு போய் வண்டியைத் திருப்பினார்.

அந்த முக்கால் மணி நேரத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. சுமதி அழுதாள். கீதா, “லாரி அடிச்சிருக்குமாம்மா?” என்று கேட்டாள். அவள் முதுகில் ஓர் அடி வைத்தேன். அடித்த கையால் அவளையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் தகரத்தை உலுக்கிவிட்டுப் போனது.

டீக்கடை வந்ததும் செருப்புப் போடாமல் குதித்தேன். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“பாய், ரொட்டி வண்டி வந்துட்ச்சு!”

கடையை ஒட்டி ஒரு பஞ்சர் ஒட்டுகிற கொட்டகை. அதன் வாசலில் தண்ணீர்த் தொட்டி. தொட்டி ஓரத்தில் என் பிள்ளை குந்தியிருந்தான், முழங்கை வரை கறுப்புத் தண்ணீர். பஞ்சர் கடை பாய் ஒரு டியூபைத் தண்ணீருக்குள் முக்கி மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். குமிழி எங்கே வருகிறது என்று பாபு விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கையில் கரண்டி இருந்தது. “ஏம்மா, ஸ்டெப்னிய விட்டுட்டுப் போறவங்களப் பாத்துக்கிறேன். புள்ளய விட்டுட்டுப் போறவங்கள இப்பத்தான் பாக்குறேன்.”

அவரைக் கும்பிட்டேன்.

தூக்கத்திலிருந்து எழுந்தவன், குமிழியைப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போயிருக்கிறான். எங்கள் வண்டி கிளம்பியதைப் பார்த்தும் இருக்கிறான்.

“கத்தியிருக்கலாம் இல்லடா?” என்று அவர் கேட்டார்.

“எப்படியும் வருவீங்கன்னு தெரியும்ப்பா. இன்னும் ஒரு டியூப் கீது. பாத்துட்டு வரேன்.”

தூக்கிக்கொண்டு வந்தோம். கையைக் காலை உதைத்துக்கொண்டு வந்தான். அதுவரை அழாதவன், டியூபுக்காக ஆம்பூர் வரை அழுதான்.

பத்தரை மணி பஸ்

வாணியம்பாடிக்கு அப்புறம் ரேடியேட்டர் மறுபடியும் கொதித்தது. நான் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர் முழுவதும் அதற்குப் போனது. கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பூசாரி மட்டும்தான் வாசலில் இருந்தார்.

“உங்க அண்ணன் ஒம்பதுக்கு மேலயும் கொஞ்ச நேரம் நின்னாரும்மா. அப்புறம் தாம்பாளத்த எடுத்துக்கினு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டாரு. பத்தரை பஸ்ஸு. ஓடுங்க.”

பஸ் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் அண்ணன். தலை நரைத்துப்போயிருந்தது. மடியில் துண்டு போட்டு மூடிய தாம்பாளம்.

“டயர் பஞ்சர்னு சொல்லுமே” என்றார் வீட்டுக்காரர் மெல்ல. “பையன் பஞ்சர் கடையிலதான இருந்தான்? பாதி நெஜம்தான்.”

“நீங்க போய்ச் சொல்லுங்க.”

“நான் போனா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. உன் அண்ணன். நீ போ.”

ஏறினேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு யார் பார்த்தாலும் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. போய் அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணா.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அண்ணா, டயர்...” என்றேன். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. கீதாவின் மொட்டைத் தலையும், பூசாரி மேல் போட்ட பழியும், நான் பார்த்த தரையும் அப்படியே வந்து நின்றன. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் இத்தனை வருடம் போயிருக்காது.

“பையன விட்டுட்டு வந்துட்டேண்ணா” என்றேன்.

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. “இன்னா?” என்றார், திரும்பாமலே.

“பையன ரோட்டுல விட்டுட்டு வந்துட்டேன்! செருப்ப எண்ணிட்டுக் கெளம்பிட்டேண்ணா! திரும்பிப் போய்த் தூக்கினு வரோம், அதான் லேட்டு!”

எனக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. டிரைவர் சரியாக அதே நேரத்தில் எஞ்சினை நிறுத்தித் தொலைத்தார். கடைசி வார்த்தைகள் பஸ் முழுக்கக் கேட்டன. ஒரு கோழி மட்டும் எங்கேயோ கொக்கரித்தது.

“செருப்ப எண்ணினியா?” என்றாள் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி. “இன்னா பொம்பளமே நீ? செருப்பத்தான் பத்து மாசம் சொமந்தியா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். இன்னொரு பெரியவர் என்ன ஏது என்று பக்கத்து ஆளைக் கேட்க, அந்த ஆள் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் நான் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் திரும்பினார்.

“பையன் எங்க?”

“கீழ, வண்டியில கீறான்.”

“எண்ணிப் பாத்தியா?”

“பாத்தேண்ணா.”

“எறங்குறவங்க எறங்குங்க, இல்லன்னா டிக்கெட் எடுங்க” என்றார் கண்டக்டர்.

அண்ணன் எழுந்தார். தாம்பாளத்தை என் கையில் திணித்தார். படியில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“புத்தி கீதா உனக்கு? ஒரு புள்ளயப் பாத்துக்கத் தெரியல, உனக்கு ஒரு வண்டி! இவன் ஓட்டுறான்னா நீயும் ஏறி உக்காந்துக்குவியா? நீ சின்ன வயசுலயே அப்படித்தான். சந்தையில ஆட்டுக்குட்டிய விட்டுட்டு வெறுங்கயித்தப் புடிச்சிக்கினு வந்தவதான நீ?”

“மச்சான்...” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீ பேசாத. உன்ன அப்புறம் வச்சுக்கிறேன்.”

கோயிலுக்கு வருவதற்குள் அண்ணன் பஞ்சர் கடை பாய் வரை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிட்டார். பூசாரி நேரம் பார்த்தார். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். மொட்டையடிப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். வேப்ப மரத்தடியில் அண்ணன் சப்பணமிட்டு உட்கார்ந்து பாபுவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பாபு அவரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறான். அழவில்லை.

“மாமா, டியூப்ப தண்ணியில முக்கினா முட்ட முட்டயா வரும், தெரியுமா?”

“தெரியும், தலய ஆட்டாத.” பிள்ளை தலைக்கு மேலே என்னைப் பார்த்து, “கால்ல செருப்பு இல்லாம, லாரி போற ரோட்டுல! அந்த பாய் நல்ல மனுஷனா இருந்தான், சரி. இல்லன்னா?” என்றார்.

“ஐயா, நீங்க ஆடினா என் கத்தியும் ஆடும்” என்றார் மொட்டையடிப்பவர். “திட்டுறத அப்புறம் வச்சுக்குங்க.”

அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். நிறுத்தவில்லை. முதல் பிடி முடி விழுந்தபோது திட்டினார். அந்தத் தோள் வரை வளர்ந்த முடியைக் கையில் எடுத்துப் பார்த்து, “ரெண்டு வருஷமா இத வளத்து வச்சிக்கினு என்ன பண்ண? ஒரு கார்டு போடக்கூடாதா நீயே? நடுவுல இன்னொருத்தன் எதுக்கு?” என்று அதற்கும் திட்டினார். குளிப்பாட்டும்போது தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று திட்டினார். பொங்கல் பானை பொங்கும்போது, விறகு ஈரம் என்று திட்டினார். பூசாரியே ஒரு கட்டத்தில் எனக்காகப் பரிந்து பேசினார். அவருக்கும் ஒன்று விழுந்தது.

நான் கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் விரலால் எடுத்துப் பிள்ளை தலையில் தடவினார். அது ஒழுகிக் காதோரம் இறங்கியது.

“ஒரு சந்தனம் கரைக்கக்கூடத் தெரியல. எப்பத்தான் கத்துக்கப் போற?”

“தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுண்ணா” என்றேன்.

“கொண்டா இங்க” என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.